டீ குடிக்கப் போன பெட்டி

பாவடி மூன்றாம் வீதியில், அந்த வருஷத்து ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து, அர்த்தனாரி வீட்டு வைஃபை பெட்டி காலை பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போக ஆரம்பித்தது.

பதினோரு மணிக்குப் போனால் பதினொன்றே காலுக்குத் திரும்பும். ஒரு மணிக்குச் சாப்பிடப் போய், சாப்பிட்ட மயக்கத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்து, இரண்டுக்கு வந்து சேரும். நாலு மணிக்கு மறுபடி ஒரு டீ. இரவு பத்துக்குப் படுத்தால் காலை ஆறுக்கு எழும். ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை. அமாவாசை வந்தால் அரை நாள். ஒரு நிமிஷம் முந்தியதில்லை, ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. ஆனால் இந்த ஒழுங்கெல்லாம் பின்னால் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் அந்த வீட்டுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சாருமதியின் பெயரைச் சொல்லிக் கத்துவது.

"சாரு, நெட்டு போச்சு!" என்று மாமனார் அர்த்தனாரி, தறிச்சத்தத்தில் பாதி செவிடான காதுக்காக வீதிக்கே கேட்கும்படி வைத்திருந்த செல்போனை ஆட்டிக்கொண்டு கத்தினார். "சாரு, நெட்டு போச்சு பாரு" என்று மாமியார் தைலம்மா, டிவித் தொடரில் இன்னொரு மாமியார் கையை ஓங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தபடி சொன்னாள். "என்னத்தப் பண்ணித் தொலைச்ச சாரு, கேமரா தெரியமாட்டீங்குது" என்று கணவன் வேலு, வீட்டுக் கட்டிலில் படுத்தபடி தறிப்பட்டறையைப் பார்க்கமுடியாத எரிச்சலில் சொன்னான். எதிர்வீட்டு ஜன்னலும் கத்தியது, பக்கத்து மொட்டை மாடியும் கத்தியது, ஏனென்றால் தண்ணீர்ப் பந்தல் வைத்த புண்ணியவானைப் போல அர்த்தனாரி கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார், பதினோரு வீடுகள் அந்த ஒரு பெட்டியில் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தன.

அது சாருமதியின் வேலைக்காக வாங்கிய இணைப்பு என்பது பதினோரு வீட்டுக்கும் மறந்துபோயிருந்தது. அவளுக்குக்கூடச் சில நாள் மறந்துபோனது.

பவானியில் உயிர்வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி ஆற்றைத் தாண்டி இந்தத் தறி ஊருக்கு வந்தவள் அவள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை, படுக்கையறை மூலையில் மடக்கு மேஜை போட்டு, எங்கோ கடல்தாண்டி இருக்கும் நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. இடது முழங்கால் வலிக்கு ஓர் எண், வலது முழங்காலுக்கு வேறு எண், மாடிப்படியில் விழுந்ததற்கு ஒன்று, கட்டிலிலிருந்து விழுந்ததற்கு ஒன்று. அவள் எழுதிய எண்ணை அங்கே ஒருவர் சரிபார்த்து 'சரி' என்று பச்சை அடையாளம் போடுவார். இந்த வீட்டில் மூன்று வருஷமாக அவள் செய்த எதற்கும் யாரும் 'சரி' என்று சொன்னதில்லை, உப்புக் கூடினால் மட்டும் வாயைத் திறந்தார்கள். ஆகவே அந்தப் பச்சை அடையாளங்களை அவள் பிறர் நகையைப் பார்ப்பதுபோல ஆசையாகப் பார்ப்பாள்.

கோபம் வந்தால் சத்தம் போடத் தெரியாதவள். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்று அவள் சொல்வது கேட்காமல், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே பலமுறை வராதவள் ஆனவள். இப்போதும் நெட்டு போனதென்று வீடு கத்தும்போது, அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவாள். பெட்டி இருந்தது பூஜை அறையில். வீட்டின் நடுவில், உயரமாக, ஃபிரிட்ஜும் கண்ணாடியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைக்கவேண்டும் என்று மாட்ட வந்தவர் சொன்னபோது, அப்படி ஓர் இடம் அந்த வீட்டில் முருகனுக்கும் செத்துப்போன தாத்தாவின் படத்துக்கும் நடுவில்தான் கிடைத்தது. சீரியல் லைட்டுக்குப் போட்ட பிளக்கும் அங்கேயே இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி, பூவை விலக்கி, பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி சொருகி, ஒவ்வொரு விளக்காகப் பச்சைக்கு வரக் காத்து நிற்பாள். கடைசி விளக்கு வராது. மறுபடி ஏறி, பிடுங்கி, முப்பது எண்ணி, சொருகுவாள். முப்பது எண்ணும்போது ஒவ்வோர் எண்ணையும் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள்.

அவள் ஸ்டூலில் நிற்கும் நேரத்தையெல்லாம் கம்பெனியின் லேப்டாப் எழுதிக்கொண்டே இருந்தது. அதற்கு இரண்டே இரண்டுதான் தெரியும்: வேலை செய்த நேரம், சும்மா இருந்த நேரம். 'இடைவேளை' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்திவிட்டு எழுந்துபோனால் ஒருநாளைக்கு ஒரு மணி நேரம் மன்னிக்கப்படும். ஆனால் நெட்டு போனபிறகு பொத்தான் வேலை செய்யாது, முன்னாலேயே அழுத்தினாலும் பெட்டி போகும் ஒன்றரை மணிக்கு அந்த ஒரு மணி போதாது. செல்போன் நெட்டையும் லேப்டாப் ஏற்காது, பதிவு செய்த வீட்டு இணைப்பு மட்டும்தான் வேண்டும் அதற்கு.

"சாருமதி, நேத்து மட்டும் ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்திருக்கீங்க. என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மேலாளர் ரேச்சல் சென்னையிலிருந்து கேட்டாள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் பதினாறு முறை ஸ்டூலில் ஏறி இறங்கி, குழம்பைக் கூட்டி வைத்து, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மழை வந்ததென்று துணியை எடுத்திருந்தாள். "ஒன்னுமில்ல மேடம்" என்றாள்.

ஃபைபர்காரர் ஜெயசீலன் ஏணியோடு வந்தார். மஞ்சள் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கம்பத்திலிருந்து பூஜை அறைவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார், முனையை வெட்டிப் புதிதாக ஒட்டினார், கைமீட்டரில் வெளிச்சத்தை அளந்தார், அடாப்டரை மாற்றினார், அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு மோதாமல் வேறு சானலுக்கு மாற்றினார். எல்லாம் சரியாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்ற அவர் கண் முன்னாலேயே பெட்டியின் கடைசி விளக்கு அணைந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னுங்க. டீ டைம்" என்றார். "ஒயர்ல கோளாறு இல்ல, பொட்டில கோளாறு இல்ல. வேலைக்காரன் டீக்குப் போயிருக்கறான், அவ்வளவுதானுங்க. கால் மணி நேரத்துல வந்துருவான். எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்தீங்கன்னா குடிச்சுட்டே பாத்துக்கலாம்."

சாருமதி டீ போட்டுக் கொடுத்தாள். அவர் கடைசி வாயைக் குடித்துக் கிளாஸைக் கீழே வைத்தபோது விளக்கு எரிந்தது.

சாயங்காலத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. இரவும் பகலும் விசைத்தறி அடித்துக்கொண்டிருக்கும் வீதி அது, சத்தம் நின்றால்தான் கைக்குழந்தைகள் பயந்து எழும். வருஷத்தில் ஆயுத பூஜை ஒரு நாள் தவிர ஓய்வென்று ஒன்றைக் காணாத இரும்பு அங்கே ஏராளம், இரும்புக்கு அலுப்பு வரும் என்பது சட்டையில் பஞ்சு ஒட்டுவதைப்போல எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தறித் தொழிலாளர் சங்கத்துக் கமலக்கண்ணன் வந்து, பூஜை அறைக்கு வெளியே நின்று, பெட்டியை ஒரு பார்வை பார்த்துத் தீர்ப்பு சொன்னார்.

"ரெண்டு டீ டைம், மத்தியானச் சோறு, வாரம் ஒரு லீவு. சட்டத்துல இல்லாத எதையும் அது கேக்கல. நாம கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோனது. அது கேக்காமயே எடுத்துக்கிச்சு பாத்தீங்களா?"

அன்றிலிருந்து பெட்டியை யாரும் 'அது' என்று சொல்லவில்லை, 'அவரு' என்றார்கள். அவர் வேலை நேரத்தை அர்த்தனாரி வாசல் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார். கல்லூரிப் பிள்ளைகள் பத்தேமுக்காலுக்குள் வேண்டியதை இறக்கிக்கொண்டார்கள். தறிக்கு நூல் தார் சுற்றும் பேபி அக்கா மஸ்கட்டில் இருக்கும் மகளோடு பேசுவதைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டாள். அமாவாசை அன்று யாரும் யாருக்கும் பணம் அனுப்புவதாக வாக்குக் கொடுக்கவில்லை. பேபி அக்கா ஒருநாள் பெட்டியைத் தொட்டுப்பார்த்து, "அய்யோ சாமி, காச்சலாட்டச் சுடுதே, ராப்பகலா எரிஞ்சு எரிஞ்சு பாவம்" என்று கண் கலங்கினாள். மறுநாள் அதற்கு ஒரு சின்ன மின்விசிறி வந்தது. தீபாவளிக்குப் போனஸாக ஒரு துண்டும் கால்கிலோ மிக்சரும் வைத்தார்கள். பொங்கலுக்குக் கரும்பு. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு கிளாஸ் டீ அதன் முன்னால் வைக்கவேண்டும் என்று தைலம்மா முடிவு செய்தாள், முடிவு செய்தது மட்டும்தான் அவள். டீயைப் போட்டது சாருமதி, கொண்டுபோய் வைத்தது சாருமதி, ஆடை படிந்து ஆறிப்போனதை எடுத்து ஊற்றியது சாருமதி, அந்தக் கிளாஸைக் கழுவியதும் சாருமதிதான்.

பெட்டியைப் பார்க்க ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், சங்ககிரியிலிருந்து, ஈரோட்டிலிருந்து, பேர் தெரியாத ஊர்களிலிருந்து. அவர்களுக்கும் டீ. "எத்தனை அடக்கமா வேலை பாக்கறாரு பாருங்க" என்று பெட்டியைச் சொன்னார்கள். அப்புறம் டீ கொண்டுவந்தவள் பக்கம் திரும்பி, "நீ குடுத்து வெச்சவ அம்மிணி, வெயில்ல போகோணுமா மழைல போகோணுமா, வீட்டுலயே உக்காந்த எடத்துல வேலை" என்றார்கள். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது தாடை வலித்தது. காலை ஆறு மணிக்குப் பெட்டி சோம்பல் முறித்து எழும்போது அவள் எழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், வாசல் கூட்டி, கோலம் போட்டு, மூன்று பேருக்கு மூன்று விதமாகக் காபி கலந்து, தேங்காயில் பாதி துருவியிருப்பாள். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிவதைப் பார்ப்பாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கிடைத்த பாவம் என்ற அந்த ஒரு சொல், மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தன்மேல் தவறியும் விழவில்லையே என்று நினைப்பாள். அந்த நினைப்பு நெஞ்சில் புகையவில்லை, அடுப்பைப்போல நின்று எரிந்தது.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "ஏனுங்க, பதினோரு மணிக்கு எனக்கொரு டீ யாராச்சும் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்."

வேலு போனிலிருந்து தலையைத் தூக்கினான். "உன்ற கையால போடற டீயாட்ட வருமா சாரு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். புகழ்ந்துவிட்டதாகவே நினைத்தான்.

மாசி மாதத்தில் ரேச்சல் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, படித்துக் காட்டும் குரல். "வர்ற வெள்ளிக்கிழமையிலேருந்து சும்மா இருக்கிற நேரம் பூஜ்யமா இருக்கணும் சாருமதி. இல்லேன்னா திங்கட்கிழமை லேப்டாப்பை எடுக்க ஆள் வருவாங்க. எனக்கு வேற வழியில்ல."

சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னாள். "எடுத்துட்டுப் போறதுன்னா போவட்டுமே" என்றார் அர்த்தனாரி, ரசத்துக்குக் கையை நீட்டியபடி. "நாமளா போய் அவங்ககிட்டக் கெஞ்சினோம்?"

"ஆமா சாரு. எதுக்கு இந்த அவஸ்தை? விட்டுட்டின்னா வீட்டுல நிம்மதியாச் சும்மா இருக்கலாம்ல" என்றான் வேலு.

சாருமதியின் கையிலிருந்த ரசக் கரண்டி அவன் தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. சும்மா என்று அந்த இயந்திரம் சொன்னது, அதற்குக் கண் இல்லை. இவனுக்கு இரண்டு இருந்தது. அவள் கரண்டியைக் கவிழ்த்து ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

புதன்கிழமை ஜெயசீலன் கடைசி முயற்சியாகப் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு புத்தம்புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். மதியம் ஒரு மணி வந்தது, போனது; புதுப்பெட்டி சாப்பிடப் போகவில்லை. நாலு மணி வந்தது, போனது, டீக்குப் போகவில்லை. சாருமதி ஐந்து மணிவரை தலை நிமிராமல் எண்களை எழுதினாள், பச்சை அடையாளங்கள் சரம் சரமாக விழுந்தன, ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவள் மூச்சு வயிறுவரை போய் வந்தது. ஆறரைக்கு விளக்கு வைத்தபோது தைலம்மா பெட்டியைப் பார்த்தாள். "புதுசா வந்திருக்கறாரு, நெத்தி மூளியாட்ட வெக்கலாமா?" என்று சந்தனத்தைக் குழைத்துப் பெட்டியின் நாலு மூலையிலும் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் புதுப்பெட்டி டீ குடிக்கப் போனது.

சாருமதி ஸ்டூலில் ஏறவில்லை. பூஜை அறை வாசலில் நின்று அந்தச் சந்தனப் பொட்டுகளைப் பார்த்தாள், பார்த்தபடியே நினைவில் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலைக்குப் போனாள். பூஜையில் வைத்ததை அப்படியே எடுத்துப் புழங்கக்கூடாது, மறுநாள் மறுபூஜை செய்து, அவரவர் பொருளை அவரவர் கையால் எடுக்கவேண்டும், எடுத்தவருக்கு அது வருஷம் முழுக்க உழைக்கும் என்பது அந்த வீதியின் வழக்கம். அன்று காலை அர்த்தனாரி தறிச்சாவியை எடுத்தார். வேலு வண்டிச்சாவியை எடுத்தான். தைலம்மா கரண்டியையும் விளக்குமாற்றையும் மிக்ஸி ஜாடியையும் டீ வடிகட்டியையும் எடுத்து, வாசற்படிக்கு வெளியே நின்ற சாருமதியின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வெளியே நின்றதற்குக் காரணம், அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். பூஜை அறைக்குத்தான் அந்த விலக்கு, அடுப்படிக்கு இல்லை. அடுப்படிக்கும் என்று வைத்தால் யார் சமைப்பது? அப்படியாக எல்லாப் பொருளையும் யாரோ ஒருவர் எடுத்தார்கள், முதல்நாள் சந்தனம் வைத்த வைஃபை பெட்டியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டியவள் படிக்கு வெளியே இரண்டு கை நிறையக் கரண்டியோடு நின்றிருந்தாள். எடுப்பார் இல்லாத பொருள் யாருக்கும் சொந்தமில்லை. தன் இஷ்டத்துக்குப் போய் தன் இஷ்டத்துக்கு வரும்.

இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சூடம், ஒரு தொடுகை, பெட்டி இனி அவள் சொன்னதைக் கேட்கும். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது, ஏனென்றால் அடுப்படியிலிருந்து தைலம்மாவின் குரல் வந்தது: "சாரு, அவருக்கு டீ வெச்சியா?"

அன்று சாயங்காலம், வேலை முடிந்து, இரவுச் சமையலையும் முடித்துப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்தபின், சாருமதி அடுப்படியைக் காலி செய்தாள். கரண்டி, தோசைக் கரண்டி, தேங்காய்த் துருவி, டீ வடிகட்டி, மிக்ஸி ஜாடி, இடுக்கி, முறம், விளக்குமாறு, துணி துவைக்கும் பிரஷ், மாமனாரின் மாத்திரை டப்பா, மூன்று பேரின் மூன்று காபி டம்ளர்கள். எல்லாவற்றையும் பூஜை அறையில் வைஃபை பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள்.

"வேலை நெலைக்கோணும்னு வேண்டறயாக்கும்? நல்லது, நல்லது" என்று தைலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு சாருமதி உள்ளே போய் மறுபூஜை செய்தாள். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள், நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், திரும்ப வைத்தாள். லேப்டாப்பை எடுத்தாள். வெளியே வந்தாள். மேஜையில் உட்கார்ந்து எட்டு மணிக்கு முதல் நோயாளியைத் திறந்தாள்.

மறுபூஜை முடியட்டும் என்று பொறுத்திருந்த அர்த்தனாரி எட்டேகாலுக்கு, "காப்பி?" என்றார். எட்டு இருபதுக்கு, "சாரு, காப்பி!" என்றார். எட்டரைக்குத் தைலம்மா அறை வாசலில் நின்றாள்.

"என்ன கெரகம் இது, அடுப்படில ஒரு சாமானத்தைக் காணோம்?"

"பூஜைல இருக்குதுங்க அத்தை."

"அதுதான் முடிஞ்சுதே. எடுக்கறது?"

"என்ற பொருளை நான் எடுத்துட்டேனுங்க." சாருமதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த எண்ணை எழுதினாள். "மிச்சம் யாருதோ அவங்க எடுத்துக்கலாம்."

வீடு பூஜை அறைக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் படியருகே நின்றது. யாரும் எடுக்காமல் விட்ட பெட்டியோடு ஐந்து மாதம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எடுக்காமல் புழங்கினால் கரண்டி பதினோரு மணிக்கு டீக்குப் போகும், விளக்குமாறு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுக்கும். எடுத்தாலோ, எடுத்தவர் கைக்கு அடுத்த ஆயுத பூஜைவரை அது ஒட்டிக்கொள்ளும்.

"எடு தைலம்" என்றார் அர்த்தனாரி.

"நீங்க எடுங்களே."

"நான் எதுக்கு கரண்டிய எடுக்கறேன்? எடுத்தா வருஷம் பூரா என்ற தலைலயல்ல விடியும்!" என்றார் அவர், சொன்னபிறகு தான் சொன்னது தன் பாதிக் காதிலேயே விழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியை விட்டு நகர்ந்தார்.

வேலு அறைக்குள் வந்தான். "சாரு, வீதில சிரிப்பாங்க."

"பொட்டிக்கு டீ வெச்சப்பச் சிரிச்சாங்களாங்க?" என்றாள் சாருமதி. "துண்டு போத்துனப்ப? 'பாவம், அலுப்பா இருக்கும் அவருக்கு'ன்னு நீங்க சொன்னீங்களே, அப்ப யாராச்சும் சிரிச்சாங்களா? எனக்குச் சூடு அடிக்குதான்னு ஒருத்தரு தொட்டுப் பாத்தீங்களா இந்த மூணு வருஷத்துல? இப்பப் பேசறது 'சும்மா இருந்த நேரம்'னு ஏறுமுங்க. போங்க."

அவ்வளவு சொற்களை அவள் வாயிலிருந்து அவன் ஒன்றாகக் கேட்டதில்லை. போய்விட்டான்.

மூன்று நாள் அந்த வீட்டுக்கு ஓட்டலிலிருந்து பொட்டலம் வந்தது. சாருமதி தன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு மேஜைக்குப் போனாள். வீதி வந்து பார்த்தது. படிக்கு வெளியே நின்று, சந்தனப் பொட்டோடு படுத்திருந்த கரண்டியைப் பார்த்தார்கள், "நல்ல தூக்கமாட்ட இருக்குது" என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். கமலக்கண்ணனைக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "சட்டப்படி அந்தப் புள்ள பண்ணுனது சரிதான்" என்றார், வீட்டுக்குத் திரும்பும் வழியில் தன் மனைவியை நினைத்தோ என்னவோ மெதுவாக நடந்தார். பேபி அக்கா மட்டும் கூட்டம் கலைந்தபிறகும் நின்று, சாருமதியின் ஜன்னலுக்கு வந்து, "அம்மிணி, அந்தச் சந்தனம் மிச்சமிருந்தா ஒரு உருண்டை குடு" என்று கை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தைலம்மாவைக் கேட்டே தீருவதென்று அர்த்தனாரி உட்கார்ந்தார். "நீ பண்ணுன வேலைதானே தைலம். பழகின கை. எடுத்துரு."

தைலம்மா டிவியை நிறுத்தினாள். "முப்பத்தொரு வருஷம் எடுத்தேன்" என்றாள். "உங்கம்மா என்ற கைல குடுத்தாங்க, நான் இவ கைல குடுத்தேன். வாங்கறப்ப ஒருத்தியும் வேண்டாம்னு சொல்லல, நானும் சொல்லல, எனக்குச் சொல்லலாம்னே தெரியாது." பிறகு சாருமதியின் அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "உனக்காகச் சொல்றன்னு நெனச்சுக்காத. உன்ற மேல எனக்குக் கொலை கோபம் இருக்குது. ஆனா எடுக்கமாட்டேன்." டிவியைப் போட்டாள். கையை ஓங்கியிருந்த மாமியார் அடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை லேப்டாப்பை எடுக்க யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சும்மா இருந்த நேரம் பூஜ்யம் என்று ரேச்சல் ஒரு வரி எழுதியிருந்தாள், கூடவே ஒரு பச்சை அடையாளம். அன்று காலை ஏழு மணிக்கு, பல் விளக்கி, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, அப்பாவும் மகனும் பூஜை அறைக்குள் போனார்கள். உள்ளே நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கரண்டி யாருக்கு, விளக்குமாறு யாருக்கு என்று கிசுகிசுவென்று பேரம் பேசியது வெளியே கேட்டது. அப்புறம் சூடம் கொளுத்தும் வாசனை வந்தது.

பதினோரு மணிக்குப் பத்து விநாடி இருக்கையில் பூஜை அறையிலிருந்த பெட்டியின் கடைசி விளக்கு ஒரு தடவை துடித்தது. போகவில்லை. எடுத்தவளிடம் கேட்காமல் இனி அதனால் போகமுடியாது. சாருமதி அதைக் கதவு வழியாகப் பார்த்தாள். பிறகு திரையில், இரண்டு வருஷமாக ஒருமுறைகூட அழுத்தாத 'இடைவேளை' பொத்தானைத் தேடி அழுத்தினாள், எழுந்து போனாள், ஸ்டூலில் ஏறிப் பிளக்கைப் பிடுங்கினாள். முப்பது எண்ணவில்லை.

"சாரு, நெட்டு போச்சு!" என்று எதிர்வீடு கத்தியது, மொட்டை மாடி கத்தியது, பதினோரு வீடும் கத்தியது.

"டீக்குப் போயிருக்குதுங்க!" என்று சாருமதி திருப்பிக் கத்தினாள். தறிச்சத்தத்தைத் தாண்டிப் பாவடி நாலாம் வீதிவரை அந்தக் குரல் கேட்டது; அங்கே பஞ்சு தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி யாரென்று திரும்பிப் பார்த்தாள்.

கால் மணியில் வேலு கிளாஸைத் தூக்கிக்கொண்டு வந்தான், பாதி தட்டில் தளும்பியிருந்தது, விரல் சுட்டுச் சிவந்திருந்தது. பழக்கதோஷத்தில் பூஜை அறைப் பக்கம் திரும்பி, பெட்டியின் முன்னால் வைக்கக் கையைத் தூக்கினான்.

"இங்க" என்றாள் சாருமதி.

அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, சூடாக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சர்க்கரை பத்தல" என்றாள்.